கூழுக்கு முழு மதிப்பெண், அகப்பைக்குப் பாதி

மதுரை அண்ணா நகரில், கோடையில் மட்டும் ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் கூழ்க்கடை இது. பெயர்ப் பலகை கிடையாது. கம்மங்கூழ் 30 ரூபாய், மோர் ஊற்றிய பழைய சோறு 40.

கடைக்கார அக்கா கம்பை மாவாக அரைப்பதில்லை. குருணையாக உடைத்து, முதல் நாளே காய்ச்சி, மண்பானையில் புளிக்கவிடுகிறார். அதனால் நாக்கில் கம்பு தட்டுப்படுகிறது. சில தள்ளுவண்டிகளில் தரும் மாவுக் கரைசலைக் கூழ் என்று சொல்லவே எனக்கு மனம் வராது. கெட்டி மோரில் கரைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைத் தூவித் தருகிறார். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கொத்தவரை வற்றலும். வற்றலில் உப்பு தூக்கல். கேட்டதற்கு, "வேர்த்து வருகிறவர்களுக்கு உப்பு வேண்டாமா, தம்பி?" என்றார். பழைய சோறு சுமார்தான்.

சுவரோரம் கைவினைப் பொருட்கள். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துப் பின்னிய மிதியடி 120 ரூபாய். கல்லில் அடித்துத் துவைத்தும் ஓர் இழை பிரியவில்லை. கொட்டாங்குச்சி அகப்பையில் மூங்கில் காம்பு ஆணியில்லாமல் இறுக்கமாக நிற்கிறது. ஆனால் வெளிப்புற நாரைச் சரியாகத் தேய்க்கவில்லை. குழம்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசிய பிறகுதான் சமையலுக்கு உதவியது. பால் உறைகளில் பின்னிய கூடை அழகு. முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மதியம் 1 மணிக்குமேல் போனால் பானை காலி. சில்லறை கொண்டுபோங்கள்.