71-ஆ, 88-ஆ? தெர்மோஸ்டாட்டை மாற்றினால் ஸ்போர்ட்ஸ் கார் வேகமாகுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் கை அரித்து முதலில் மாற்ற நினைக்கும் சாமான்களில் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டும் ஒன்று, 88-க்குப் பதில் 71 டிகிரியில் திறப்பது மாதிரி. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, குறிப்பிட்ட சூடு வந்ததும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். விலை சொற்பம், இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது, எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், பவர் ஏறும் என்பது பேச்சு. பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆளாளுக்குக் கோட்டை விடுகிறார்கள்.

பழைய தெர்மோஸ்டாட் ஒன்று கிடைத்தால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். 82 என்று பொறித்த ஒன்று 80 வரைக்கும் கல்லு மாதிரி இருக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து பின்னைத் தள்ள, தட்டு மயிரிழை அளவுக்கு விலகும், முழுசாகத் திறக்க இன்னும் 10, 15 டிகிரி ஏற வேண்டும். முழுசாகத் திறந்த பிறகு அதற்கு வேலையே இல்லை, வெறும் ஓட்டை. அதாவது தெர்மோஸ்டாட் எஞ்சினின் குறைந்தபட்ச சூட்டைத்தான் தீர்மானிக்கிறது, அதிகபட்ச சூட்டை இல்லை. அதிகபட்சம் எவ்வளவு என்பது ரேடியேட்டர், ஃபேன், அதன் வழியே போகும் காற்று, இந்த மூன்றின் கையில் இருக்கிறது.

சரி, ஒரு சின்னக் கணக்கு. ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம் கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று 35 டிகிரி, கூலன்ட் 95 என்றால் வித்தியாசம் 60. கூலன்ட்டை 75-இல் பிடித்து வைக்க நினைத்தால் வித்தியாசம் 40 ஆகிவிடுகிறது, அதே ரேடியேட்டர் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைக் குறைவாகத்தான் தள்ளும். ஆக, டிராக்கில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும்போது 75-இலேயே நிறுத்த ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ரேடியேட்டர் வேண்டும். அது இல்லாமல் 71 டிகிரி தெர்மோஸ்டாட்டை மட்டும் மாட்டினால் கொஞ்சம் நேரத்தில் முள் அது பாட்டுக்கு ஏறி, 88 போட்டிருந்தால் எங்கே நின்றிருக்குமோ அங்கேயே போய் நிற்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள் ஃபார்முலா 1 காரர்கள். அவர்கள் சிஸ்டத்தை அழுத்தத்தில் வைத்து கூலன்ட்டை 120 டிகிரி பக்கம் ஓட்டுகிறார்கள், வித்தியாசம் 85 கிடைக்கிறது, ரேடியேட்டர் சின்னதாகிறது, பக்கவாட்டு உடல் ஒடுங்குகிறது, காற்றுத் தடை குறைகிறது. குளிர்ந்த எஞ்சின்தான் வேகமான எஞ்சின் என்றால் அவர்களுக்கு இது தெரியாமலா போயிற்று?

ஆனாலும் 71 கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டின் சூடு குறைந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தானாகவே தப்பான நேரத்தில் வெடிப்பது, தள்ளிப்போகும், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கை முன்னால் வைத்திருக்கும், அதாவது தீப்பொறியைச் சற்று முன்னதாகவே விடும், அதுவே பவர். உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். ஆனால் கூலன்ட்டை 10 டிகிரி குறைத்தால் காற்றும் 10 டிகிரி குறைந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், முழு வேகத்தில் காற்று மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டருக்குப் போகும் குழாயில், இருக்கும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு, சுவரிடமிருந்து அது வாங்கும் சூடு கொஞ்சம்தான்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். கூலன்ட் குளிர்ந்தால் ஆயிலும் குளிர்ந்தே கிடக்கும், கெட்டியான ஆயிலைக் கிளறிக்கொண்டு சுற்றுவதிலேயே கொஞ்சம் பவர் வீணாகும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக அது 100-ஐ ஒட்டியாவது வர வேண்டும், தினமும் குட்டிக் குட்டி தூரம் மட்டும் ஓடும் வண்டியில் 71 போட்டால் அது வரவே வராது. அப்புறம் ஈசியூ. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும் வண்டிகளும் உண்டு, கூலன்ட் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை என்று பி0128 என்ற பிழைக் குறியீட்டைப் போட்டு எஞ்சின் விளக்கை எரியவிடும் வண்டிகளும் உண்டு. டியூனிங்கில், அதாவது ஈசியூவின் கணக்குகளை மாற்றி, இதைச் சரிசெய்யாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றுவது அரைவேலை.

இந்தச் சண்டையை நிறுவனமே தீர்த்துவைத்த ஒரு எஞ்சினைச் சொல்கிறேன். பிஎம்டபிள்யூவின் என்52, ஆறு சிலிண்டர். மின்சார வாட்டர் பம்ப், மின்சாரத்தில் சூடேற்றித் திறக்கக்கூடிய தெர்மோஸ்டாட். மெதுவாக உருட்டினால் 112 டிகிரி, சாதாரணமாக ஓட்டினால் 105, அழுத்தினால் 95, இன்னும் விரட்டினால் 80 என்று ஈசியூ இலக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜுக்குச் சூடு, பவருக்குக் குளிர்ச்சி. 71 கட்சிக்காரர்கள் சொல்வது அடிப்படையில் சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்கள் கையில் இருப்பது எந்நேரமும் ஒரே இலக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெழுகு என்பதுதான் சிக்கல்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஹெட்டுக்குக் குளிர்ச்சி வேண்டும், சிலிண்டர் சுவருக்கும் ஆயிலுக்கும் சூடு வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும் அல்லது ஏற்றும். 1992 கார்வெட்டில் வந்த எல்டி1 எஞ்சினில் கூலன்ட்டை வழக்கத்துக்கு மாறாக முதலில் ஹெட்டுக்கு அனுப்பி, அப்புறம் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கு இறக்கினார்கள். கம்ப்ரஷன், அதாவது கலவையை அழுத்தும் விகிதம், கூடினால் நாக்கிங் எளிதில் வரும், 10.5-க்கு 1 கம்ப்ரஷனை அது தாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்த டிகிரி என்பதைவிட எந்தப் பக்கமிருந்து என்ற கேள்வி பெரியது என்பேன்.

தலைகீழ் உதாரணமும் உண்டு, மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை. அந்த எஞ்சின் முன்சக்கரம் இழுக்கும் 323 வகையிலிருந்து வந்தது. அதில் பம்ப் ஒரு முனையில், கூலன்ட் வெளியேறுவது மறுமுனையில், நான்கு சிலிண்டரையும் கழுவிக்கொண்டு போகும். எம்எக்ஸ்-5-இல் எஞ்சினை நீளவாக்கில் வைத்தபோது வெளியேறும் வழியையும் முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். பலன், கடைசி சிலிண்டருக்குப் போய்ச் சேரும் ஓட்டம் குறைவு, டிராக்கில் விரட்டினால் முதலில் அவதிப்படுவது அதுதான். அந்த வண்டியில் 71 தெர்மோஸ்டாட் போடுவது காலில் முள் குத்தியதற்குக் கையில் மருந்து தடவுவது மாதிரி. பாதையைப் பழையபடி பின்பக்கம் மாற்றும் வேலைதான் அங்கே மருந்து.

கூலன்ட் எது என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை அடிக்க எதுவும் இல்லை, ஆனால் துரு பிடிக்கும், கடுங்குளிரில் உறையும். உறையாமல் தடுக்கும் கிளைக்கால் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் சுமக்கும் திறன் குறையும், கொதிநிலை ஏறும், 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியோடு 130-க்குப் பக்கத்தில் போகும். டிராக்குக்கு மட்டும் என்றால் தண்ணீரும் துருத் தடுப்பானும் போதும். ரோட்டில் கொட்டிய கிளைக்கால் வழுக்கும் என்பதால் பல பந்தயத் தளங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை.

ஆக, என் தீர்ப்பு. நேர்கோட்டில் ஓடிச் சில நொடிகளில் முடியும் டிராக் (drag) ரேஸுக்கு, டியூனும் செய்திருந்தால், 71 லாபம். மற்ற எல்லாவற்றுக்கும் கம்பெனி தெர்மோஸ்டாட்டையே விட்டுவிட்டு, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஃபோம் வைத்து அடைத்து, உள்ளே வரும் காற்று அதன் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று செய்யுங்கள். மிச்சம் இருந்தால் ஆயில் கூலர். டேஷ்போர்டு முள்ளையும் நம்ப வேண்டாம், பல கார்களில் அது 80-க்கும் 100-க்கும் நடுவில் அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டது. காரின் கணினியில் இருக்கும் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகி உண்மையான எண்ணைப் பாருங்கள்.

இல்லை, 71-தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள், ஃபேன் எந்த டிகிரியில் சுற்றத் தொடங்குகிறது என்றாவது முதலில் பாருங்கள். 100-ஐத் தாண்டினால்தான் ஃபேன் கிளம்பும் வண்டியில், நெரிசலில் கொஞ்ச நேரம் மாட்டினால் போதும், 71-உம் 88-உம் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.