காப்பர் குளுக்கோனேட் 2 மி.கி. மாத்திரை: இரைப்பை பைபாஸ் ஆனவர்கள் வாங்குமுன் படிக்க

தோல் பளபளக்கும், நரை மறையும் என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த மாத்திரையைத் தேடி வந்தவர்கள் அடுத்த மதிப்புரைக்குப் போய்விடலாம். நான் இதை விழுங்குவது தண்டுவடத்துக்காக; உடம்பில் தாமிரம் (காப்பர்) குறைந்தால் அது கெடும்.

எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவள் நான். உணவிலுள்ள தாமிரம் பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் முதல் பகுதியிலும்தான் உறிஞ்சப்படுகிறது. பைபாஸ் ஆனவர்களுக்குச் சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் அந்தச் சிறுகுடல் பகுதியையும் தொடாமலே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, முடி கொட்டுகிறது என்றதும் மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்த துத்தநாக மாத்திரை வேறு. துத்தநாகம் மிஞ்சினால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும்.

வினை காலில் தெரிந்தது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் அது தெரியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும்; வாஷ்பேசினைப் பிடிக்காமல் நிற்க முடியாது. ஒரு மருத்துவமனையில் பி12 குறைபாடு என்று ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். பி12 குறைபாடு, தாமிரக் குறைபாடு இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்தின் பின்பகுதி வெளுத்துத் தெரிவதும் அப்படியே. ஆனால் என் பி12 அளவு சரியாகத்தான் இருந்தது. ரத்தசோகையோடு வெள்ளணுக்களும் குறைந்திருப்பதைக் கவனித்த வேறொரு நரம்பியல் மருத்துவர்தான் ரத்தத்தில் தாமிரத்தையும், அதைச் சுமந்து செல்லும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் அதலபாதாளத்தில்.

இனி மாத்திரை. எங்கள் தெரு மருந்துக் கடையில் தாமிரம் தனியாகக் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வாங்கினேன். எனக்குப் பிடித்தது லேபிள். தாமிரம் குளுக்கோனேட் என்ற உப்பு வடிவில் இருக்கிறது என்றும், அதிலுள்ள தாமிரம் மட்டும் 2 மி.கி. என்றும் ஒளிவுமறைவில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள். பல மல்டிவைட்டமின்களில் காப்பர் ஆக்சைடைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்; அது உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கம், பைபாஸ் ஆனவர்களுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. தாமிரம் என்கிறது. துத்தநாகம் எடுத்தால் 8 முதல் 15 மி.கி.க்கு 1 மி.கி. தாமிரம் கூடவே இருக்க வேண்டுமாம். உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். தொடக்கத்தில் மருத்துவர் கூடுதல் அளவு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். அதை யாரும் தாமாகச் செய்ய வேண்டாம், மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு. பக்கத்து வீட்டு அக்கா, "செப்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் போதாதா?" என்று கேட்டார். குடத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தார்கள்? என் தண்டுவடத்தை அதை நம்பி அடகு வைக்க முடியாது.

பலன் என்னவென்றால், ரத்த அணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களிலேயே தேறிவிட்டது. நரம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை. ஆட்டம் கூடாமல் நின்றிருக்கிறது, பாத எரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கிறது, கைத்தடியை இன்னும் விட முடியவில்லை. சேதமான நரம்பு முழுதாக மீள்வது அரிது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டதால் இதற்காக நான் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

குறைத்தது மூடிக்காக. குழந்தைகள் திறந்துவிடாதபடி அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி. விரல் நுனி மரத்துப்போனவர்கள் வாங்கும் மாத்திரைக்கு இப்படியா மூடி போடுவது? ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதே மாத்திரையைக் கிழித்தெடுக்கும் அட்டையில் கொடுத்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் போட்டுவிடுகிறேன்.