லேப் மென்பொருள் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: "டேட்டா தனித்தனியா இருக்கும்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பல வாடிக்கையாளர்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்துகொள்ளும் வெப் மென்பொருளை வெளி நிறுவனத்திடம் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குச் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

சிறிய ஊர்களில் உள்ள ரத்தப் பரிசோதனை லேப்கள் பில் போடவும் ரிப்போர்ட் கொடுக்கவும் ஒரு மென்பொருள் நடத்துகிறோம். லேப்கள் மாதச் சந்தா கட்டுகின்றன. எல்லா லேப்களின் நோயாளிகளும் ஒரே டேபிளில்தான் இருப்பார்கள். எந்த லேபுடையவர் என்று காட்ட ஒவ்வொரு வரியிலும் ஒரு டெனன்ட் ஐடி இருக்கும். இந்த முறையில் தவறில்லை. லேபுக்கு ஒரு டேட்டாபேஸ் என்று வைத்தால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் ஏதோ ஒரு குவெரியில் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) டெனன்ட் ஐடி நிபந்தனை விட்டுப்போனால் போதும், ஒரு லேபின் நோயாளி இன்னொரு லேபின் திரையில் வந்து நிற்பார். அதனால் புரோகிராமரின் கவனத்தை மட்டும் நம்பாமல் டேட்டாபேஸே தடுக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னோம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 9.5 பதிப்பிலிருந்து, அதாவது 2016 முதல், இதற்கென்றே ரோ லெவல் செக்யூரிட்டி (யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே கட்டுப்படுத்தும் வசதி) இருக்கிறது. அதைப் போட்டுத் தருவதாகக் கொட்டேஷனில் தனி வரி எழுதினார்கள், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு லேப் உரிமையாளர் போன் செய்தார். "சார், பாக்கிப் பட்டியலைத் திறந்தா எங்க ஆளுங்க ஒருத்தர் பேர்கூட இல்ல. யாரோ தெரியாதவங்க. பக்கத்துல என்ன டெஸ்ட்டுன்னு வேற போட்டிருக்கு." ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தோம். வேறொரு மாவட்டத்து லேபின் பட்டியல், போன் நம்பரோடு. ஒரு பெயருக்கு நேராக எச்.ஐ.வி. டெஸ்ட் என்று இருந்தது. அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்துக்கொண்ட டெஸ்டாக இருக்கலாம். அது முன்பின் தெரியாத ஒருவரின் கவுன்டர் கம்ப்யூட்டரில் கிடந்தது.

நிறுவனத்தைக் கூப்பிட்டால், "கேஷ் இஷ்யூ சார், க்ளியர் பண்ணிட்டோம், இனிமே வராது" என்றார்கள். கூடவே, "லேப்காரங்ககிட்ட இதைப் பெரிசு பண்ண வேண்டாம்" என்றும் சொன்னார்கள். அந்தப் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. அன்றே எல்லா லேப்களுக்கும் சொன்னோம், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவித்தோம். தரவுக் கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய 2022 உத்தரவு. அப்புறம் சோர்ஸ் கோடு முழுவதையும் வெளியில் ஒரு டேட்டாபேஸ் நிபுணரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம்.

கேஷ் என்றது பாதி உண்மை. பாக்கிப் பட்டியலை ரெடிஸ் என்ற தற்காலிகச் சேமிப்பில் (இதுதான் கேஷ்) சில நிமிடங்கள் சேமித்து வைக்கிறார்கள். அதைத் தேடி எடுக்க வைக்கும் பெயரான கீயில் தேதி மட்டும்தான் இருந்தது, எந்த லேப் என்பது இல்லை. ஒரு லேப் பட்டியலைத் திறந்த சில நிமிடங்களுக்குள் இன்னொரு லேப் திறந்தால், முன்னவரின் பட்டியல்தான் இவருக்கும் வரும். க்ளியர் செய்தது அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் உதவும்.

என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது ரோ லெவல் செக்யூரிட்டி விஷயம். பாலிசிகளை, அதாவது யாருக்கு எந்த வரி தெரியலாம் என்ற விதிகளை, எழுதியிருந்தார்கள். டேபிளைத் திறந்து பார்த்தால் எல்லாம் போட்ட மாதிரியே தெரியும். ஆனால் மென்பொருள் டேட்டாபேஸுக்குள் நுழைந்தது அந்த டேபிள்களின் ஓனரான யூசராக. போஸ்ட்கிரெஸில் டேபிளின் ஓனரை இந்தப் பாலிசிகள் கட்டுப்படுத்தாது. ஃபோர்ஸ் என்று தனியாகக் கட்டளை கொடுத்தால்தான் கட்டுப்படுத்தும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் என்றால் அப்படிக் கொடுத்தாலும் பயனில்லை. இவர்கள் ஃபோர்ஸ் கொடுக்கவே இல்லை. ஆக, பணம் கட்டி வாங்கிய தடுப்பு ஒரே ஒரு குவெரியைக்கூடத் தடுத்ததில்லை. நிபுணர் எங்கள் எதிரிலேயே அந்த யூசராக நுழைந்து, எந்த லேப் என்று குறிப்பிடாமல் ஒரு செலக்ட் குவெரி போட்டார். எல்லா லேப்களின் நோயாளிகளும் வரிசையாக வந்தார்கள்.

அதோடு முடியவில்லை. எந்த லேப் என்பதைக் கனெக்‌ஷனில் வெறும் செட் கட்டளையால் வைத்திருந்தார்கள். கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் ஏற்பாடு) வைத்திருக்கும்போது, ஒருவருடைய வேலை முடிந்ததும் அதே கனெக்‌ஷன் அடுத்தவருக்குப் போகும். பழைய லேபின் ஐடி அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டிரான்சாக்‌ஷனுக்குள் (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு) செட் லோக்கல் என்று வைத்திருந்தால் அந்தத் தொகுப்பு முடியும்போதே ஐடியும் போய்விடும். ஓனர் சிக்கலைச் சரிசெய்திருந்தாலும் இந்த வழியாகக் கசிந்திருக்கும்.

ரிப்போர்ட் பி.டி.எஃப். லிங்கின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவர் ரிப்போர்ட் வந்தது, லாகின்கூடக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் நிறுவனத்தில் 2019இல் வெளிவந்த கசிவும் இதே வகைதான். அங்கே சுமார் 88.5 கோடி ஆவணங்கள் திறந்து கிடந்தன. மென்பொருள் தொழிலில் இருப்பவர்கள் இது தெரியாது என்று சொல்லவே முடியாது.

இத்தனையையும் எழுதி அனுப்பினோம். "ஃபேஸ் டூல பண்ணிடலாம் சார்" என்று புதிய கொட்டேஷன் வந்தது, ஏற்கெனவே பில் போட்டு வாங்கிய வேலைக்கு. ஒரே ஒரு லேபின் தரவை வைத்துத்தான் டெஸ்ட் செய்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023 சட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. தரவை யாருக்காகக் கையாளுகிறோமோ அவர்தான் பொறுப்பு. வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன் என்று கைகழுவ முடியாது. எங்கள் விஷயத்தில் அது ஊரில் லேப் வைத்திருப்பவர். ஒரு மைக்ரோஸ்கோப்பும் இரண்டு டெக்னீஷியன்களுமாக நடத்துகிறவர்.

நீங்கள் செய்து வாங்குவதாக இருந்தால், கடைசித் தவணைக்கு முன் இரண்டு போலி வாடிக்கையாளர் கணக்குகளை உருவாக்கி, இரண்டு பிரவுசர்களில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றில் உள்ள பில் எண்ணை, ரிப்போர்ட் லிங்க்கை மற்றதில் போட்டுப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் வர வேண்டும். எக்செல் எக்ஸ்போர்ட், தேடல் பெட்டி, இரவில் தானாகப் போகும் மெயில், எஸ்.எம்.எஸ். ஆகியவற்றை மறக்காதீர்கள், திரையை மட்டும் சரியாகச் செய்துவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் அதில் ரோ லெவல் செக்யூரிட்டியே கிடையாது, எங்கே எப்படித் தடுக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனை தேறினால்தான் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எங்கள் கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். பழைய லிங்க்குகள் எல்லாவற்றையும் செல்லாததாக்கி, வேறு ஆளை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நிறுவனம் எங்களுக்கு எழுதிய அதே வரியைப் போட்டு இன்னும் சிலருக்குக் கொட்டேஷன் அனுப்பியிருப்பதாகத் தெரிகிறது. அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மென்பொருள் எந்த யூசராக டேட்டாபேஸுக்குள் நுழையும், அந்த யூசர் டேபிள்களின் ஓனரா?