ஊர் நடுவே ஒரு கட்டடம்: ஒப்பந்தக்காரரா, ஊராரா?

களையிழந்த ஊர் மையத்தில் பொதுக் கட்டடம் எழுப்ப இரண்டு வழி: ஒப்பந்தத்துக்கு விடலாம், அல்லது ஊரார் கூடிக் கட்டலாம்.

ஒப்பந்தம் என்றால் வேகம் உண்டு, சுவர் விரிசல் விட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சாவி யாரிடம், கூட்டிப் பெருக்குவது யார் என்ற கேள்வியெல்லாம் திறப்பு விழா முடிந்த பிறகுதான் வரும்.

ஊரார் கட்டியதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் காண்டோ தொடக்கப்பள்ளியைப் பாருங்கள். அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கேரே வடிவமைத்து 2001-இல் முடிந்தது. களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, சுவருக்கான கற்களை அச்சில் அழுத்தி எடுத்தது ஊர்க்காரர்களே. தகரக் கூரையைச் சுவரோடு ஒட்டாமல், கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தின் மேல் தூக்கி வைத்ததால், சூடான காற்று அந்த இடைவெளியில் வெளியேறிவிடும். கற்ற வேலை கையிலேயே தங்கியது. பின்னாலேயே ஆசிரியர் குடியிருப்பும், அப்புறம் பள்ளி விரிவாக்கமும் வந்தன. வங்கதேசத்தின் ருத்ரபூர் பள்ளியும் இதே ரகம்தான், கீழ்த்தளம் மண், மேல்தளம் மூங்கில்.

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. கூலி இல்லாத உழைப்பு இலவசம் கிடையாது, அறுவடை நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். முதல் மாத உற்சாகம் நான்காவது மாதம் இருக்காது. மண் சுவருக்குப் பராமரிப்பும் தேவை.

என்னைக் கேட்டால் அஸ்திவாரம், கூரை, மின் இணைப்பு மூன்றையும் தேர்ந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, சுவரையும் தரையையும் திண்ணையையும் ஊராரிடம் விடுவேன்.