6,850 ரூபாய் போச்சு: போன்ல படம் பார்த்து தூண்டில் ராடு, ரீல் வாங்குறவங்க கவனத்துக்கு

நெல்லை, அம்பை, வள்ளியூர்ப் பக்கத்துத் தூண்டில்காரங்க இதைப் படிச்சிட்டு மத்த வேலையைப் பாருங்க. 6,850 ரூபாய். தூண்டில் ராடு 2,900, நரம்பு சுத்துற ரீல் 3,200, பிரைடு நரம்பு, அதாவது இழை பின்னின தூண்டில் நூல், 750. மூணுமே சொன்ன சாமான் இல்லை. பணம் கட்டி பதினெட்டு நாள், பார்சல் வந்து பதினொரு நாள். நேத்து ராத்திரி வித்தவன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். என்னென்ன பார்த்து வாங்கணும், ஏமாந்தா எங்க போகணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். தூண்டில் போடுறவனே தூண்டில்ல மாட்டினானான்னு கேக்க வர்றவங்க வரவேண்டாம், வீட்லயே நாலு தடவை கேட்டாச்சு.

வித்த பக்கத்தோட பேரைப் போடலை. இன்னிக்கு ஒரு பேர், அடுத்த மாசம் வேற பேர், அதை மனப்பாடம் பண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஆளை அடையாளம் காண இது போதும்: படமும் சின்ன வீடியோவும் ஓடுற ஆப்புல தூண்டில் சாமான் மட்டும் விக்கிற பக்கம். தொடர்றவங்க நாற்பதாயிரத்துக்கு மேல. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கையில விரால் மீனோ பாறை மீனோ பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிற படம். கடைக்கு விலாசம் கிடையாது, போன் நம்பர் மட்டும்தான்.

விலை கம்மின்னு ஏமாறலை. பேச்சுலதான் ஏமாந்தது. ராடு வேணும்னு மெசேஜ் போட்டதும் விலையைச் சொல்லாம போன் பண்ணினான். "அண்ணாச்சி, கொளத்துக்கா, ஆத்துக்கா, கடலுக்கா? ஒண்ணுக்கு வாங்குனத இன்னொண்ணுக்குப் போட்டா ஒடஞ்சிரும், பொறவு என்னைய ஏசுவிய." விஷயம் தெரிஞ்சவன் கேக்குற முதல் கேள்வி அதுதான். தாமரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவுல ஃப்ராக், அதாவது தவளை மாதிரி போலி இரை, போட்டு விரால் எடுக்கிறதுக்கு வேண்டியது குட்டையான, விறைப்பான ராடு, தடிச்ச பிரைடு. கடல்ல கல்லு மேல நின்னு தூரமா வீசுறதுக்கு நீளம் வேணும், நுனி வளைஞ்சு குடுக்கணும். உவரி, கூடுதாழைக் கடற்கரைப் பக்கம் பாறை மீனுக்கும் ஊளி மீனுக்கும்னு நான் சொன்னதும் ஒரு மூச்சுல அடுக்கினான்: "அப்ப எட்டடி, 15-லேருந்து 40 கிராம் வீசுத ராடு. 4000 சைஸு ரீலு. பிஇ 2 நரம்பு 300 மீட்டர், எட்டு இழை. ஊளி வார எடம்னா முன்னால சின்னதா ஒரு கம்பி லீடர் போட்டுக்கிடுங்க, பல்லு அறுத்துரும்."

ஒரு வார்த்தை தப்பில்லை. அப்புறம் விட்டான் பாருங்க கடைசி வார்த்தை. "ஆத்துல தண்ணி எப்படிப் போவுது அண்ணாச்சி? சீவலப்பேரிலதான் எங்க மாமா வீடு. சித்தாறு வந்து சேருத எடத்துல கெளுத்தி கெடக்கும்லா?" அவ்வளவுதான், நம்ம ஊர்க்காரப் பயன்னு முடிவு பண்ணியாச்சு. பார்சல் வந்தப்ப அனுப்பின ஊர் டெல்லின்னு ஒட்டியிருந்துச்சு.

பொருள் வந்ததும் பணம் தரேன்னு கேட்டதுக்கு, "நீளப் பார்சலுக்கு கூரியர்காரன் அப்படி எடுக்க மாட்டான் அண்ணாச்சி" ன்னான். யூபிஐ-ல கியூஆர் அனுப்பினான். ஸ்கேன் பண்ணினா பக்கத்தோட பேரே வரலை, சம்பந்தமில்லாத ஏதோ டிரேடர்ஸ்னு வந்துச்சு. "மச்சான் அக்கவுண்டு, ஜிஎஸ்டி பிரச்சினைக்காக" ன்னான். அந்த இடத்துல கையை எடுத்திருக்கணும். எடுக்காம பின் நம்பரைப் போட்டதுல போனதுதான் 6,850.

இப்ப சாமானுக்கு வாங்க. நீங்களும் இதே மாதிரி ஏதாவது வாங்கி வச்சிருந்தா இன்னிக்கே சோதிச்சுப் பார்த்துக்கிடலாம்.

முதல்ல ராடு. "99 சதவீதம் கார்பன்" னு பொன் எழுத்துல அச்சடிச்சிருக்கு. சமையல் தராசுல வச்சா 274 கிராம். எட்டடிக் கார்பன் ராடு இந்த வகையில இவ்வளவு கனக்காது. மூணாவது வீச்சுல, 28 கிராம் இரும்பு ஜிக், அதாவது இரும்புல செஞ்ச போலி இரை, போட்டு, இணைப்புக்குச் சரியா மேல பிளந்துடுச்சு. மீன் எதுவும் மாட்டலை, வெறும் வீச்சுதான். பிளந்த இடத்தைப் பார்த்தா தேங்காய் நார் மாதிரி வெள்ளை வெள்ளையா இழை நிக்குது. கார்பன்னா உடைஞ்ச வாய் கறுப்பா இருக்கும், உப்புத்தாள் வச்சுத் தேச்சாத் தூளும் கறுப்பா விழும். இதுல வெளியில மட்டும்தான் கறுப்பு பெயிண்ட், அதுக்குக் கீழ வெள்ளைத் தூள். சந்தேகமே வேண்டாம்னா மல்டிமீட்டர் எடுங்க. மேல் பூச்சைச் சுரண்டிட்டு ரெண்டு முனையையும் வச்சா கார்பன் மின்சாரம் கடத்தும். கரண்டு கம்பிக்கு அடியில கார்பன் ராடை நிமிர்த்திப் பிடிக்காதேன்னு சொல்றது அதுக்குத்தான். இந்த ராடுல மீட்டர் முள் அசையவே இல்லை. முழுக் கண்ணாடி நார், ஃபைபர் கிளாஸ்.

கண்ணாடி நார் ராடு கெட்டதுன்னு நான் சொல்லலை. கனமா இருக்கும், ஆனா அடி தாங்கும். குளத்து விராலுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கினா வருஷக்கணக்குல உழைக்கும். அதைக் கார்பன்னு 2,900-க்கு விக்கிறதுதான் திருட்டு. கண்ணாடி நாரே ஆனாலும் அந்த இடத்துல பிளந்திருக்க வேண்டியதில்லை. மேல்துண்டு செருகுற வாய் இருக்குல்ல, அந்த விளிம்பைச் சுத்தி நூல் இறுக்கிச் சுத்தி மேல எபாக்சிப் பசை பூசியிருக்கணும். வீசும்போது அந்த வாய்ல அழுத்தம் ரொம்ப விழும். இதுல நூல் சுத்தின மாதிரி ஒரு பட்டை வரைஞ்சிருக்கான். வரைஞ்சிருக்கான்யா! நகத்தால கீறினா உரிஞ்சு வருது.

நரம்பு ஓடுற கைடு வளையத்துக்குள்ள செராமிக் இருக்கணும். காது குடையுற பஞ்சை வளையத்துக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துங்க, எங்க பிசிறு இருக்கோ அங்க பஞ்சு நூல் மாட்டும். இதுல நுனி வளையத்துலயும் அதுக்கு அடுத்ததுலயும் மாட்டுச்சு. அந்தப் பிசிறுல பிரைடு உரசினா நாலு வீச்சுல நைஞ்சு போகும்.

ரீல். "12+1 பேரிங், டிராக் 10 கிலோ." டிராக்னா மீன் இழுக்கும்போது நரம்பை அளவா விட்டுக் குடுக்கிற பிரேக். கழட்டிப் பார்த்தாச்சு. மெயின் கியருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பினியன்ல ஒண்ணு, மொத்தம் மூணு பேரிங். மீதி இடத்துல எல்லாம் பிளாஸ்டிக் புஷ். நரம்பு திரும்புற லைன் ரோலர்லயும் பிளாஸ்டிக்தான், அது சுத்தவே இல்லை. சுத்தாத ரோலர்ல நரம்பு ஒரே இடத்துல அறுத்துப் பள்ளம் போடும், அப்புறம் அந்தப் பள்ளமே நரம்பை அறுக்கும். ஹேண்டிலைப் பின்னால தள்ளினா கால் சுத்து லொடலொடன்னு போகுது, மீன் வாய்ல தூண்டில் முள்ளு குத்த இழுக்கும்போது அந்தக் கால் சுத்துலயே மீன் உதறிட்டுப் போயிடும்.

டிராக்தான் ரொம்ப மோசம். பார்சல் தூக்கிப் பாக்கிற டிஜிட்டல் கொக்கித் தராசு கடையில கிடைக்கும், அதுல நரம்பைக் கட்டி மெதுவா ஒரே சீரா இழுங்க. நல்ல டிராக்னா எண் ஒரே இடத்துல நின்னு நரம்பு வழுக்கிட்டு வரும். இதுல 1.2, அப்புறம் 3.4, மறுபடி 0.9-ன்னு விக்கி விக்கி வருது. நரம்பு சுத்தியிருக்கிற ஸ்பூலைத் திறந்தா கிரீஸே காணாத ஒரு ஃபெல்ட் வாஷர், விளிம்புல பிசிறு நிக்கிற ஒரு தகடு. அவ்வளவுதான். பாறை ஓட ஆரம்பிச்சா முதல் உதறல்லயே ஒண்ணு நரம்பு அறுக்கும், இல்லை முள்ளு நிமிரும்.

நரம்புல நாலு பொய். நுனியைப் பிரிச்சு எண்ணினேன், எட்டு இழை இல்லை, நாலு. பிஇ-ங்கிறது நரம்போட தடிமன் நம்பர், பிஇ 2-ன்னா தடிமன் 0.235 மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும். பென்சில்ல நெருக்கமா இருபது சுத்து சுத்தினா அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வரணும், இது ஏழு மில்லிமீட்டரைத் தாண்டுது. தடிச்ச நரம்பு காத்துல பை மாதிரி தொய்ஞ்சு வளையும், தூரம் போகாது. அட்டையில 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோன்னு போட்டிருக்கு, ஆறு கிலோவுல அறுந்துச்சு. இதைச் சோதிக்கும்போது முடிச்சு போடாதீங்க, முடிச்சுலயே அறுந்து கணக்கு தப்பும். வழவழப்பான குழாய்ல பத்துச் சுத்து சுத்திட்டு இழுங்க. நீளமும் 300 மீட்டர் இல்லை. தெருவுல பத்து மீட்டர் இடைவெளியில ரெண்டு கல்லு வச்சு அளந்தேன், 212. போதாக்குறைக்கு நனைச்சா பச்சைச் சாயம் விரல் எல்லாம் ஒட்டுது.

இனி அவன் சொன்ன சாக்குகள். ராடு பிளந்த அன்னிக்கே படம் அனுப்பினேன். "நீங்க ராடை ரொம்ப நிமித்திப் பிடிச்சிருப்பிய அண்ணாச்சி, அதான்." மீனை இழுக்கும்போது ராடை செங்குத்தாத் தூக்கினா நுனிதான் உடையும், இணைப்பு உடையாது, அதுவும் மீனே மாட்டலையேன்னேன். அதுக்குப் பதில் இல்லை. அடுத்த நாள், "பார்சல் பிரிச்ச வீடியோ இருந்தாத்தான் மாத்தித் தருவோம்." வீடியோ இருந்துச்சு, அனுப்பினேன். "இதுல ராடை வளைச்சுக் காட்டலியே சார்." அண்ணாச்சி சார் ஆனது அன்னிக்குத்தான். அப்புறம் குடோன் மேனேஜர் லீவு. அப்புறம் உடைஞ்ச துண்டைத் திருப்பி அனுப்புங்க, கூரியர் செலவு உங்களோடது, விலாசம் சாயங்காலம் தரேன். அந்தச் சாயங்காலம் இன்னும் வரலை. ஒன்பதாவது நாள், "ப்ரோ, அடுத்த ஆர்டர்ல 500 கழிச்சுக்குங்க." 6,850 போனவனுக்கு 500 கழிவு, அதுவும் அவன்கிட்டயே இன்னொரு தடவை வாங்கினா! போலின்னு எழுதி, மீட்டர் படம், தராசு படம் எல்லாம் வரிசையா அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. பிளாக்.

ஆப்புல புகார் கொடுத்தா, ஆறு மணி நேரத்துல பதில்: அந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை. பேங்குல கேட்டா, நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், நாங்க எப்படித் திருப்புறது. கூரியர் ஆபீஸ்ல அனுப்பினவன் நம்பரைக் குடுத்தாங்க, அது சுவிட்ச் ஆஃப். ஆளாளுக்கு அடுத்த ஆளைக் கைகாட்டுறாங்க.

விவரமா எழுதுறேன்னு ஆரம்பத்துல சொன்னேன், இதுக்கு மேல கை ஓடலை. சுருக்கமாச் சொல்லிடறேன். யூபிஐ-ல வர்ற பேரும் கடைப் பேரும் வேறன்னா அதோட நிறுத்துங்க. மல்டிமீட்டரும் பஞ்சும் பையில போட்டுக்கிட்டு நேர்ல கடைக்குப் போங்க, சிரிச்சாலும் பரவாயில்லை. பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, நான் பத்து நாள் அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு அடிச்சேன், அதுக்குள்ள அந்த அக்கவுண்டுல என்ன இருக்கப்போகுது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ஆனா எதிர்த்தரப்பு விலாசம் எழுதணும், அந்த விலாசத்துக்குத்தான் அலையுறேன். எல்லா மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, அவன் தரப்புல இருந்து அழிக்கிறான்.

இன்னிக்குக் காலையில மச்சினன் போன்ல பார்த்தேன். அதே ராடு, அதே பொன் எழுத்து, விலை 2,600, "பன்னெண்டு பீஸ்தான் இருக்கு". கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்: "இது உவரிக்கு ஆகுமா அண்ணாச்சி?" ஆகாதுங்கன்னு மச்சினன் போன்லயே பதில் போட்டேன். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா அந்தப் பதிலைக் காணோம், அதுக்குப் பதிலா அவன் எழுதியிருக்கான், "தாராளமா ஆகும் அண்ணாச்சி, போன் பண்ணுங்க."