கனொண்டகனா, கிராஃபோர்டு ஏரியா?

வட அமெரிக்கப் பழங்குடிகளான இரொக்வாய் மக்களின் நீண்ட வீட்டை (பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீளமான மரப்பட்டை வீடு) பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று குழம்புபவர்களுக்கு:

இடம்
கனொண்டகன்: நியூயார்க் மாநிலம், ராச்செஸ்டர் பக்கம்.
கிராஃபோர்டு ஏரி: கனடாவின் ஒன்டாரியோ, மில்டன் அருகே.

வரலாறு
கனொண்டகன்: 17ஆம் நூற்றாண்டில் இரொக்வாய் இனங்களில் ஒன்றான செனகாக்களின் ஊர். 1687இல் பிரெஞ்சுக் கனடாவின் ஆளுநர் டெனோன்வில்லின் படை அழித்தது.
கிராஃபோர்டு: 15ஆம் நூற்றாண்டு ஊர். ஏரியடி வண்டலில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்த பிறகுதான், பக்கத்தில் யாரோ பயிர் செய்திருக்க வேண்டும் என்று தேடி ஊரையே கண்டுபிடித்தார்கள். துப்பறியும் கதைதான் போங்கள்!

வீடுகள்
கனொண்டகன்: மரப்பட்டை வீடு ஒன்று, 2015இல் திறந்த கலை மையம்.
கிராஃபோர்டு: வீடுகள் அதிகம்.

செனகாக்கள் அன்றைய ஐந்து இரொக்வாய் இனங்களின் கூட்டமைப்பில் மேற்கு வாசல் காவலர்கள், அதாவது மேற்கு எல்லையைக் காத்தவர்கள். கிராஃபோர்டு மக்கள் அவர்களுக்கு மொழிக் குடும்பத்தால் மட்டுமே உறவு. அதனால் கூட்டமைப்பின் கதைக்குக் கனொண்டகன். அகழாய்வு ஆர்வம் என்றால், சரி, ஏரிக்கே போங்கள்.