மணியா, மாத்திரையா, நடுராத்திரி எழுப்பலா?

எட்டு வயது ஆகியும் பையன் வாரத்தில் ஐந்து நாள் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டால் எதிர்வீட்டுப் பையன் பார்த்துவிடுகிறான் என்று, இனி வெறும் பாயில்தான் படுப்பேன் என அடம்பிடித்தான். அன்றுதான் டாக்டரிடம் போனோம்.

திட்டுவதெல்லாம் பேச்சிலேயே இல்லை. தூக்கத்தில் தெரியாமல் நனைப்பதற்குப் பிள்ளை என்ன செய்யும்? பரம்பரையும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர சுமார் 44 சதவீத வாய்ப்பு. "உன் வீட்டுக்காரனும் மூணாங்கிளாஸ் வரைக்கும் பாயை நனைச்சவன்தாம்மா" என்று மாமியார் போட்டு உடைத்தார். பேப்பருக்குப் பின்னால் போன தலை அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

சும்மா காத்திருக்கலாமா? ஐந்து வயதில் நூற்றில் 15 பிள்ளைகள் இப்படித்தான், வருடத்துக்கு அதில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். ஆறு வயது என்றால் நானும் காத்திருப்பேன். எட்டு வயதில், அவனே கூசும்போது மனசு கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்கு எழுப்பி பாத்ரூமுக்கு நடத்திப் போவதை ஆறு மாதம் செய்து பார்த்தோம். பெட்ஷீட் தப்பித்தது, அவ்வளவுதான். அவன் தூங்கிக்கொண்டே நடந்தான், தூங்கிக்கொண்டே போனான். நாங்கள் அசந்த அன்று நனைந்தது.

டாக்டர் முதலில் கேட்டது சிறுநீரைப் பற்றி அல்ல, மலச்சிக்கல் உண்டா என்று. குடல் நிரம்பிக் கிடந்தால் சிறுநீர்ப்பையை அழுத்துமாம். அதைச் சரிசெய்ததிலேயே வாரம் ஒரு நாள் குறைந்தது.

அப்புறம் மாத்திரை. டெஸ்மோப்ரெசின், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனின் வேலையை இது செய்கிறது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகாது. ஆனால் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்ட பின் எட்டு மணி நேரம் வரை தண்ணீரைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். ஊரில் ஒரு கல்யாணத்துக்காக, வீட்டில் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் மூன்று இரவு கொடுத்தோம். மூன்றும் காய்ந்த இரவுகள். மாதக்கணக்கில் கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

ஊர் திரும்பி மாத்திரையை நிறுத்திய இரவே மறுபடி ஈரம். என் முடிவு அங்கேதான் திரும்பியது. நிறுத்தினால் என்ன மிஞ்சும்? மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலான பிள்ளைகள் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஈரம் பட்டால் அலறி எழுப்பும் மணியை விடாமல் போட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், அதைக் கழற்றிய பிறகும் நனைப்பதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினால் விழிக்கவோ அடக்கவோ உடம்பே பழகிக்கொள்கிறது.

மணி என்பது ஜட்டியில் மாட்டும் சின்ன சென்சார். முதல் சொட்டு பட்டதும் அலறும். 1938-லேயே அமெரிக்க உளவியலாளர்களான மவ்ரர் தம்பதி இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் அவனைத் தவிர வீட்டில் எல்லோரும் எழுந்தோம். அவனை உலுக்கி எழுப்பி, அவன் கையாலேயே மணியை நிறுத்தவைத்து, பாத்ரூம், மாற்று ஜட்டி, சென்சாரைத் துடைத்து மறுபடி மாட்டுவது. இரவு இரண்டு மணிக்கு இதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் மணி வாங்குவது வீண். ஐந்தாவது வாரம் ஈரத்தின் வட்டம் சிறுத்தது. ஒன்பதாவது வாரம் தானே எழுந்தான். பன்னிரண்டாவது வாரம் தொடர்ந்து 14 இரவு காய்ந்திருந்ததும் கழற்றினோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி நனைந்தது. இரண்டு வாரம் திரும்ப மாட்டினோம், நின்றது.

ஒன்று மட்டும்: ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைத்தால், அல்லது அதிக தாகம், எடை குறைவு, சிறுநீர் போகும்போது வலி இருந்தால் மணியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். உடனே டாக்டர். சர்க்கரை நோயோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம்.

போன மாதம் நாத்தனார் தன் மகளுக்கு மணியைக் கேட்டார். அங்கே அவர் கணவருக்கு நைட் ஷிஃப்ட், நாத்தனாருக்கு விடியற்காலை வேலை, பிள்ளையோடு படுக்கும் பாட்டிக்குக் காது மந்தம். மணி எங்கள் பீரோவிலேயேதான் இருக்கிறது.